ஓர் இரும்பு அணு, நான்கு நைட்ரஜன்

நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒவ்வோர் இரும்பு அணுவும் நான்கு நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்தில், பிளாட்டினத்துக்குப் பதிலாக வினையூக்கியாக முயன்று பார்க்கும் கரித்தூளிலும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான்: கார்பன் ஏட்டில் நான்கு நைட்ரஜன், நடுவே தன்னந்தனியாக ஓர் இரும்பு. இரண்டுக்கும் வேலை ஆக்ஸிஜனைப் பிடிப்பது. ஹீமோகுளோபின் பிடித்ததை அப்படியே விட்டுவிடும்; வினையூக்கியோ அதை உடைத்து நீராக்க வேண்டும்.

பிடி இறுகினால் இடம் அடைபட்டுப் போகும். தளர்ந்தால் வினையே தொடங்காது. 1912இல் நோபல் பரிசு பெற்ற பால் சபாட்டியேயின் பெயரால் வழங்கும் கொள்கை இது. சரி, ஆய்வகத்தில் செய்து பார்ப்பதற்கு முன்பே பிடியின் பலத்தைக் கணினியில் கணக்கிட்டுச் சொல்ல முடியுமா? அப்படிச் சொல்ல உதவும் அளவைத்தான் டிஸ்கிரிப்டர் என்கிறார்கள்.

உலோகக் கட்டிக்கு ஹாமர், நோர்ஸ்கோவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் அருமையான ஒரு வழி காட்டினார்கள். கட்டிக்குள் டி எலக்ட்ரான்களின் (இரும்பு, பிளாட்டினம் போன்ற உலோகங்களில் பிணைப்பில் பங்கெடுக்கும் ஒரு வகை எலக்ட்ரான்கள்) ஆற்றல்கள் ஒரு பட்டையாகப் பரவியிருக்கும். பட்டையின் சராசரி ஆற்றல் மேலே ஏற ஏற, பிணைப்பைக் குலைக்கும் எதிர்ப்பிணைப்பு நிலைகள், எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் எல்லையான ஃபெர்மி மட்டத்துக்கு மேலே போய்க் காலியாகிவிடும். பிடி இறுகும்.

தனி அணுவுக்கு அந்த அகலமான பட்டை கிடையாது, தனித்தனிப் படிகள்தான். டி எலக்ட்ரான்களுக்கான ஐந்து படிகளின் சராசரி உயரத்தை மட்டும் சொன்னால், எந்தப் படியில் கால் வைப்பது என்று எப்படித் தெரியும்? அந்தப் படிகளில் ஒன்றான, ஏட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் டி ஆர்பிட்டால்தான் மேலிருந்து வரும் ஆக்ஸிஜனை நேருக்கு நேர் சந்திக்கிறது. அது எந்த உயரத்தில் இருக்கிறது, அதில் எத்தனை எலக்ட்ரான் என்பதைச் சுற்றியுள்ள அணுக்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அதனால் டி எலக்ட்ரான்களின் எண்ணிக்கையோடு, பக்கத்து அணுக்கள் எத்தனை, அவற்றின் எலக்ட்ரான் கவர்தன்மை எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்க்கிறார்கள்.

இரும்பை எடுத்துவிட்டு கோபால்ட்டை வையுங்கள். ஓர் எலக்ட்ரான்தான் கூடுகிறது, ஆனால் பிடி தளர்ந்துவிடுகிறது. ஆக்ஸிஜன் முழுதாக உடையாமல் பாதி வழியில் ஹைட்ரஜன் பெராக்சைடாகக் கழன்றுகொள்ள வாய்ப்பு அதிகம். நீரா, புண் கழுவும் மருந்தா என்பதை ஓர் எலக்ட்ரான் மாற்றிவிடுவது எனக்கு இன்றும் வியப்பு.

அப்புறம் எலக்ட்ரான்களின் சுழற்சி (ஸ்பின்). ஹீமோகுளோபினில் இரும்புக்குக் கீழே ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜன் ஐந்தாவது துணையாக இருக்கிறது. ஆக்ஸிஜன் வந்து அமர்ந்ததும் இரும்பின் சுழற்சி நிலை மாறி, நான்கு நைட்ரஜனும் இருக்கும் வளையத்தின் தளத்துக்குள் அது ஏறிவிடுகிறது. கரித்தூளிலும் இப்படி ஐந்தாவது நைட்ரஜனைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் உலையில் சுட்டெடுக்கும் தூளில் எல்லா இரும்புக்கும் ஒரே அக்கம்பக்கம் அமைவதில்லை. கணினி சொல்லும் எண்ணோ அவற்றில் ஒரே ஓர் இடத்துக்கானது.