ஒழுகும் மலையில் தங்கிய நீர்

மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்கா தீவில், ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. அங்கே இருப்பவை காட்டாறுகள். மழை கொட்டினால் சில நாட்கள் சீறிப் பாயும், பிறகு வெறும் கூழாங்கல் தடமாகக் கிடக்கும். ஆனால் தீவின் வடமேற்கு ஓரத்தில் சுமார் 90 கிலோமீட்டர் நீளும் த்ரமுந்தானா மலைத்தொடரில் ஏறினால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் கூபர் என்னும் நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. மொட்டைப் பாறைச் சிகரங்கள் சூழ, நீலமும் பச்சையும் கலந்த நீர். கொஞ்சம் கீழே, அதன் பக்கமாகப் போகும் மலைச்சாலையிலேயே, கோர்க் ப்ளாவ் என்னும் இன்னொரு நீர்த்தேக்கம். நடைப்பயணிகள் இவற்றின் அழகுக்காகவே வருகிறார்கள். இந்த மலையில் நீர் தேங்கி நிற்பதே பெரிய விஷயம் என்பது தெரிந்தால் அந்த அழகு இன்னும் கூடும்.

மழைக்குக் குறைவில்லை. தீவின் தெற்குக் கரையில் ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் பெய்வதே அரிது. ஐம்பது கிலோமீட்டர்கூடத் தள்ளியிராத இந்த மலையின் நடுப்பகுதியில் 1,200 மில்லிமீட்டரைத் தாண்டும். கடல் மேல் தவழ்ந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலேறுகிறது. மேலே காற்றழுத்தம் குறைவு. காற்று விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது, குளிர்ந்தால் ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிடுகிறது. இலையுதிர் காலத்தில் இது உச்சத்துக்குப் போகும். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அக்டோபரிலும் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே வடக்கிலிருந்து குளிர்காற்று வந்து சேர்ந்தால் சில மணி நேரத்தில் ஒரு மாத மழை கொட்டிவிடும். ஜூலையிலோ துளி விழுவதே அரிது.

இவ்வளவு மழையும் எங்கே போகிறது? கூபர் கரையில் பாதையை விட்டு விலகி, ஒரு பாறையருகே குனிந்து பார்த்தால் பதில் கிடைக்கும். சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். அதன் மேல், மேலிருந்து கீழாக, விரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன வாய்க்கால்கள் வரிவரியாக ஓடுகின்றன. இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே இருக்கும் விளிம்பு கத்தி போலக் கூர்மை. கவனமில்லாமல் கை ஊன்றினால் தோல் கிழியும். இதை எந்த உளியும் செதுக்கவில்லை. மழைத்துளி காற்றிலிருந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது, மண்ணுக்குள் நுழையும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் வாயுவைப் பல மடங்கு சேர்த்துக்கொள்கிறது. விளைவு, சோடாத் தண்ணீரில் இருக்கும் அதே மெல்லிய கார்பானிக் அமிலம். அது சுண்ணாம்புக்கல்லைத் தொட்டால் கால்சியம் கார்பனேட் கரைந்து நீரோடு போய்விடும். கடின நீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது இதே வேதிவினை திரும்பி நடப்பதுதான்.

ஒரு மழைக்கு இதில் ஒன்றும் தெரியாது. லட்சக்கணக்கான ஆண்டுகள் பெய்தால் விரிசல் பிளவாகும், பிளவு குழாயாகும், குழாய் குகையாகும். மலை முழுக்கச் சல்லடையாகிவிடும். புவியியலில் இப்படிப்பட்ட நிலத்துக்குக் கார்ஸ்ட் என்று பெயர். மழை விழுந்த வேகத்தில் உள்ளே இறங்கிவிடுவதால் மேலே ஓடை ஓடுவதற்கே நீர் மிஞ்சாது.

அப்படியானால் அடிவரை இறங்கிவிட வேண்டியதுதானே? அங்கேதான் இந்த மலையின் பிறப்பு குறுக்கே வருகிறது. ஆப்பிரிக்க, ஐரோப்பிய நிலத்தட்டுகள் நெருங்கிய அழுத்தத்தில், இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பும் அதையொட்டியும், கடலடியில் படிந்திருந்த சுண்ணாம்புக்கல் அடுக்குகள் உடைந்து ஒன்றன் மேல் ஒன்று ஏறின, ஓட்டுக்கூரையில் ஓடுகள் ஏறிக் கிடப்பதைப் போல. அவை வழுக்கிச் செல்ல உதவியவை அடியில் இருந்த, அவற்றைவிடப் பழைய டிரையாசிக் காலக் களியும் ஜிப்சமும். களி நீரை விடாது. ஆகவே மலைக்குள் சல்லடையும் தடுப்பும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே இறங்கிய நீர் களி அடுக்கில் முட்டி, பக்கவாட்டில் நகர்ந்து, அந்த அடுக்கு வெளியே தலைகாட்டும் இடத்தில் ஊற்றாக வருகிறது. கார்ஸ்ட் நிலத்தில் அணை கட்ட வரும் பொறியாளர் முதலில் தேடுவதும் இந்தக் கசியாத அடித்தளத்தைத்தான். சுவர் எவ்வளவு பலமாக இருந்தாலும் தரை ஒழுகினால் அணையால் பயனில்லை.

மலையடிவாரத்தில் கம்பனெத் என்ற ஊருக்கருகே ஃபோன்ட்ஸ் உஃபானெஸ் என்ற இடம் இருக்கிறது. ஓக் மரக்காடு, சருகு மூடிய சாதாரணத் தரை. மலையில் பெருமழை பெய்த பிறகு, ஆண்டுக்குச் சில முறை, அந்தத் தரையிலிருந்தே நீர் பொங்கி எழுந்து மரங்களுக்கிடையே ஆறாக ஓடும். சில நாட்களில் அடங்கிவிடும். உள்ளே குழாய்கள் நிரம்பி வழிவதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன்.

இரண்டு நீர்த்தேக்கங்களும் 1970களின் தொடக்கத்தில் தலைநகர் பால்மாவின் குடிநீருக்காகக் கட்டப்பட்டவை. இரண்டும் நிரம்பினாலும் மொத்தம் சுமார் 1.2 கோடி கன மீட்டர். நமக்குப் பழகிய கணக்கில் அரை டி.எம்.சி.கூட இல்லை. தாழ்வில் இருக்கும் கோர்க் ப்ளாவ் பெரியது. அதன் நீரை பம்பு வைத்து மேலேற்றி, மலைச்சரிவை ஒட்டிய சிமெண்ட் வாய்க்காலில் கூபருக்கு அனுப்புகிறார்கள். கல் பாவிய வழிகளைத் தொட்டு மலைநெடுக நீளும் ஜி.ஆர். 221 என்னும் நெடுந்தூர நடைபாதை, இந்த வாய்க்கால் ஓரமாகவும் போகிறது. கிட்டத்தட்டச் சமதளமான நடை. வாய்க்காலின் சரிவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீருக்குத் தெரியும். மட்டம் பிடித்த கையின் அருமை அங்கே நடக்கும்போது புரியும்.

இந்த நீருக்குக் கொடுத்த விலையும் உண்டு. கோர்க் ப்ளாவின் அடியில் அல்மயூட்ச் பள்ளத்தாக்கு மூழ்கிக் கிடக்கிறது. அங்கே தீவின் வெண்கல, இரும்புக் கால மக்களின் வழிபாட்டிடங்கள் இருந்தன. 1229இல் அரகோன் நாட்டு அரசர் முதலாம் ஜவுமே, முஸ்லிம் ஆட்சியில் இருந்த தீவைக் கைப்பற்றிய பிறகு, முஸ்லிம்கள் கடைசியாக எதிர்த்து நின்ற மலையிடங்களில் அதுவும் ஒன்று. பழைய வழிபாட்டிடத்தின் நினைவாக ஒரு கல் தூண் இன்று கரையோரம் நிற்கிறது. சாலையில் வண்டியை நிறுத்திப் படமெடுப்பவர்களில் பலர் அதைக் கவனிக்காமல் போவது எனக்கு வருத்தம்தான்.

இவ்வளவு செய்தும் போதவில்லை. 1990களின் வறட்சியில், 1995 முதல் 1997 வரை, ஸ்பெயினின் எப்ரோ ஆற்று நீரைக் கப்பலில் ஏற்றி பால்மாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. காரணம் எளிது: மழை வருவது இலையுதிர், குளிர்காலங்களில், சுற்றுலாப் பயணிகள் வருவது கோடையில். நீர்த்தேக்கத்தின் வேலையே அந்த இடைவெளியை நிரப்புவது. செப்டம்பரில் போனால் நீர் இறங்கியிருக்கும் அளவை விளிம்பில் வெளுத்த பட்டையாகவே பார்க்கலாம்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெளிந்த நீர் ஒளியில் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். நீலமும் பச்சையும் ஆழம்வரை போகும். சுண்ணாம்பு கரைந்த ஏரிகளில், கோடையில் பாசிகள் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு மிக நுண்ணிய துகளாகப் பிரிந்து மிதக்கும். அவை நீல, பச்சை ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பியனுப்புகின்றன.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர் முதல் மே வரை நல்ல காலம். கூபரைச் சுற்றிவர ஒன்றரை மணி நேரம் போதும், குழந்தைகளும் நடக்கலாம். கால் பலம் உள்ளவர்கள் அங்கிருந்து கணவாய் ஏறி, பினியாராஷ் பள்ளத்தாக்கின் கல்படிகளில் சோயேர் நகருக்கு இறங்கலாம். வழியெங்கும் சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவர்களும், அவை தாங்கும் ஆலிவ் படிக்கட்டு வயல்களும் உண்டு. கல்லிடுக்குகள் வழியே நீர் வடிந்துவிடுவதால் பெருமழையில் சுவருக்குப் பின்னே அழுத்தம் கூடாது. இரண்டு தேக்கங்களிலும் இறங்கிக் குளிக்கக் கூடாது, குடிநீர்.

மழைக்குப் பிறகு போனால், காட்டாற்றுக் குழிகளில் கல்லைப் புரட்டாமல் பாருங்கள். அங்கே ஃபெர்ரெரெத் என்னும் சின்னஞ்சிறு தேரை வாழ்கிறது. 1977இல் புதைபடிவமாக மட்டும் அறிவியலுக்கு அறிமுகமாகி, அழிந்துபோன இனம் என்று எண்ணப்பட்டு, சில ஆண்டுகளிலேயே இதே மலையின் செங்குத்துப் பிளவுகளில் உயிரோடு கிடைத்தது. முட்டைச் சரத்தைப் பின்னங்கால்களில் சுற்றிக்கொண்டு சுமப்பது ஆண் தேரை. பொரிக்கும் நேரம் வந்ததும், பாறைக் குழியில் வற்றாமல் மிஞ்சிய ஒரு கை நீரைத் தேடிப் போய் இறக்கிவிடுகிறது.