நாய்க்குட்டியின் சோற்றில் இல்லாத கால்சியம்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் நான்கு மாத ராஜபாளையம் குட்டிக்கு முன்னங்கால்கள் வளைகின்றன. தினமும் சோறும் கோழிக்கறியும்தான் போடுகிறோம். இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே இருக்கிறது. கடைக்காரர் பாக்கெட் தீவனத்துக்கு மாறச் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, நம் நாய்கள் காலங்காலமாகச் சோறு தின்றே வளர்ந்தன என்கிறார்கள். யார் சொல்வது சரி?"

சோற்றைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதில் பிழையில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு நகல்களே உண்டு. நாய்களில் அது 4 முதல் 30 நகல்கள் வரை பெருகியிருப்பதை 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே நன்றாக வெந்த சோறு நாய்க்குச் செரிக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால் குழம்பு மட்டும் கலக்கக் கூடாது.

கணக்கு இடிப்பது கால்சியத்தில்தான். 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 கிலோகலோரி ஆற்றலும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கால்சியமும் வேண்டும். 200 கிராம் அரிசியும் 200 கிராம் எலும்பில்லாக் கோழிக்கறியும் அந்த ஆற்றலைக் கொடுத்துவிடும். ஆனால் இரண்டிலும் சேர்ந்து கிடைக்கும் கால்சியம் 50 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. பாஸ்பரஸோ அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். வளரும் குட்டிக்கு, அதே ஆற்றல் தரும் உணவில், வளர்ந்த நாய்க்கு வேண்டியதைப்போல் மும்மடங்கு கால்சியம் தேவை.

அப்படியானால் இரத்தத்தில் மட்டும் அளவு எப்படிச் சரியாக இருக்கிறது? கழுத்தில் தைராய்டை ஒட்டி நான்கு சிறு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. அவற்றின் செல்களின் மேற்பரப்பில், இரத்தத்தில் ஓடும் கால்சியத்தை ஓயாமல் உணர்ந்துகொண்டிருக்கும் புரதங்கள் உண்டு. அளவு சற்றே இறங்கினாலும் சில நிமிடங்களுக்குள் ஹார்மோன் வெளிப்பட்டுவிடும். நரம்பும் தசையும் இதயமும் கால்சியத்தை நம்பியே இயங்குவதால், அங்கே தாமதத்துக்கு இடமில்லை. அந்த ஹார்மோன் சிறுநீரகத்தைக் கால்சியத்தை விடாமல் பிடித்துக்கொள்ளவும் பாஸ்பரஸை வெளியேற்றவும் செய்கிறது. கூடவே எலும்பைக் கட்டும் செல்கள் வழியாக எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகிறது. அந்தக் கரைக்கும் செல் எலும்பின் மேல் விளிம்பு பிசகாமல் ஒட்டிக்கொண்டு, தனக்கு அடியில் அடைபட்ட சிறு இடத்தில் அமிலத்தைச் சுரந்து, கனிமத்தைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலேயே இருப்பதால் இருப்புக்குப் பஞ்சமில்லை. விதைநெல்லை எடுத்து உண்பதுபோல் இது மாதக்கணக்கில் நடக்கலாம். பரிசோதனைச் சீட்டு அப்போதும் சரியான எண்ணையே காட்டும், ஏனெனில் அந்த எண்ணைக் காப்பாற்றத்தான் எலும்பு கரைகிறது. எக்ஸ்ரேயில்தான் உண்மை தெரியும்: பளிச்சென்று வெண்மையாகத் தெரிய வேண்டிய எலும்பின் விளிம்பு மெலிந்து, சுற்றியுள்ள சதையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி மங்கியிருக்கும். இந்நிலையிலுள்ள குட்டி கட்டிலிலிருந்து குதித்தாலே கால் முறியலாம்.

குட்டியை இளவெயிலில் நிறுத்தினால் கால் நேராகிவிடும் என்று புதுச்சேரியிலும் கடலூரிலும் சொல்வோர் உண்டு. மனிதக் குழந்தைக்குப் பொருந்தும் இந்த அறிவுரை நாய்க்குப் பொருந்தாது. கால்சியத்தை உறிஞ்ச உதவும் வைட்டமின் டி-யின் மூலப்பொருளை நாயின் தோலிலுள்ள நொதி வேகமாக வேறொன்றாக மாற்றிவிடுவதால், வெயில் எவ்வளவு பட்டாலும் போதிய அளவு உருவாவதில்லை. அது உணவில்தான் வர வேண்டும்.

பயந்துபோய்க் கால்சியம் சிரப்பை அள்ளி ஊற்றுவதும் ஆபத்தே. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கேற்ப உறிஞ்சலைக் குறைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு முழுமையாகக் கைவருவதில்லை. அதனால் மிகுதியான கால்சியமும் உள்ளே போய், பெரிய இனக் குட்டிகளின் எலும்பு வளர்ச்சியைக் குலைக்கிறது. பாக்கெட் தீவனத்தோடு சிரப்பும் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது.

எனவே குட்டிப் பருவத்தில் நான் கடைக்காரர் பக்கம். பெரிய இனக் குட்டிக்கென்று குறிப்பிட்ட, முழுமையான உணவு என்று அச்சிட்ட பாக்கெட்டை வாங்க வேண்டும். மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் அளந்து கொடுப்பதை வாங்க வேண்டாம், ஏனெனில் நம் கடற்கரை ஈரக்காற்றில் அதன்மேல் தெளித்த கொழுப்பு விரைவில் கெட்டுச் சிக்கு வாடை அடித்துவிடும். கால் ஏற்கெனவே வளைந்திருக்கும் குட்டியை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வளர்ந்த நாய்க்கு வீட்டுச் சமையலை நான் மறுக்கவில்லை. ஆனால் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2013இல் 200 சமையற்குறிப்புகளை ஆராய்ந்தபோது, 95 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு சத்தாவது குறைந்திருந்தது. நம் நெத்திலியையும் கேழ்வரகையும் வைத்து நம் நாட்டு இனங்களுக்கான உணவைக் கணக்கிட, புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கு அரசே நல்கை தர வேண்டும் என்பது என் கருத்து. தீவனம் விற்பவர்களின் பணத்தில் அந்த ஆய்வு நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதுவரை, 20 கிலோ நாயின் சோற்றில், வேகவைத்து உலர்த்தி மாவாக அரைத்த முட்டையோட்டுத்தூளை அரைத் தேக்கரண்டி கலந்தால் சுமார் 1 கிராம் கால்சியம் சேரும். துத்தநாகம், வைட்டமின் டி போன்றவற்றுக்கு மருத்துவரிடம் தனியே எழுதி வாங்க வேண்டியிருக்கும்.