டெஃபினிட்டிவ் எடிஷன்: முழுப் பதிப்பா, செம்பதிப்பா?

2020ஆம் ஆண்டு மே மாதம் 'மாஃபியா 2', 'மாஃபியா 3' என்ற வீடியோ விளையாட்டுகள் இரண்டும் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்ற பெயரோடு மறுபடி விற்பனைக்கு வந்தன. செப்டம்பரில் முதல் 'மாஃபியா'வும் அதே பெயரில் வந்தது. ஒரே தொடர், ஒரே ஆண்டு, ஒரே பெயர், ஆனால் உள்ளே இருந்தவை மூன்றும் வேறு வேறு. மூன்றாம் பாகத்தில், 2016இல் வந்த விளையாட்டு கிட்டத்தட்ட அப்படியே இருக்க, பிற்பாடு தனித்தனியாக விற்ற மூன்று கதைகளையும் உடை, வண்டி வகையறாக்களையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டாம் பாகத்தில் கூடுதல் கதைகளோடு 2010இன் காட்சிகளையும் இன்றைய திரைக்கு ஏற்றபடி துலக்கியிருந்தார்கள். முதல் பாகமோ 2002இல் வந்ததை ஓரமாக வைத்துவிட்டு அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டியது. அதே கதை, அதே ஊர், ஆனால் புது நடிகர்கள், புது வசனம், புது இசை.

இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள் என்பதற்காக நாமும் தமிழில் ஒரே சொல்லைத் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. இணையத்தில் பார்த்தால் 'உறுதியான பதிப்பு', 'திட்டவட்டமான பதிப்பு' என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு தருவதை அப்படியே எடுத்துப் போடுவதுதான் காரணம். உறுதியான கட்டடம், உறுதியான தகவல் என்போம், சரி. உறுதியான பதிப்பு என்றால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. வாங்கப்போகிறவருக்கு இதில் கூடுதல் கதைகள் எல்லாம் இருக்கின்றனவா, பழைய விளையாட்டேதானா, புதிதாகச் செய்ததா என்பதுதான் தெரிய வேண்டும்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'டெஃபினிட்டிவ்' லத்தீனிலிருந்து வந்தது. 'ஃபீனிஸ்' என்றால் எல்லை, முடிவு. அதிலிருந்து 'டெஃபினீரே', எல்லை கட்டுதல். ஆங்கிலத்தில் 'டெஃபினிஷன்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான், அதற்கு நாம் 'வரையறை' என்கிறோம். வரை என்றாலும் எல்லைதான். லத்தீன்காரரும் தமிழரும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள், எனக்கு இது எப்போதும் வியப்புதான். ஆக, வேர்ப்பொருளில் பார்த்தால் 'டெஃபினிட்டிவ்' என்பது எல்லைக்கோடு போட்டு முடித்தது, இதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை என்று சொல்வது. 'எடிஷன்' என்பது 'ஏடெரே' என்ற வினையிலிருந்து வருகிறது. வெளியே கொடுத்தல் என்று பொருள், நம்முடைய 'வெளியீடு' அப்படியே அதுதான். ஆனால் புத்தக உலகில் நிலைத்துவிட்ட சொல் 'பதிப்பு'. எழுத்தைத் தாளில் அழுத்திப் பதிப்பதால் பதிப்பு. இந்தப் 'பதி'க்குக் கீழே மறுபடி வருகிறேன், அதில் ஒரு கதை இருக்கிறது.

சரி, விளையாட்டுகளுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது? 'டெஃபினிட்டிவ்' என்ற பெயர் பரவுவதற்கு வெகு முன்பே 'கேம் ஆஃப் தி இயர் எடிஷன்' இருந்தது. 1998 நவம்பரில் வந்த 'ஹாஃப்-லைஃப்' மறு ஆண்டே அந்தப் பெயரோடு திரும்பி வந்தது. ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று பத்திரிகைகள் கொடுத்த பட்டத்தை அட்டையில் போட்டு, கூடவே 'டீம் ஃபோர்ட்ரஸ் கிளாசிக்'கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்போது அது நிஜமாகவே பட்டம். போகப்போக பட்டம் தேய்ந்து, 'கூடுதல் எல்லாம் சேர்த்த கட்டு' என்ற பொருள் மட்டும் நின்றுவிட்டது. 2018இல் வந்த 'மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன்' அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இந்தப் பெயரில் மறுபடி வந்தது, ஆனால் 2018இன் கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டுப் பட்டத்தை வாங்கியது 'காட் ஆஃப் வார்'. விருது தருபவர்கள் பலர் இருப்பதால் யார் வேண்டுமானாலும் அட்டையில் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. 2012இல் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி'யின் அந்தப் பதிப்பு அட்டையைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், பேட்மேனைச் சுற்றி இடம் விடாமல் பத்துக்குப் பத்து, நூற்றுக்கு நூறு என்று மதிப்பெண்களும் பாராட்டு வரிகளும். உள்ளே ஹார்லி குவினின் கதை இருக்கிறது, நைட்விங், ராபின், கேட்வுமன் எல்லாரும் இருக்கிறார்கள் என்பதுதான் வாங்குகிறவருக்கு வேண்டிய செய்தி.

அந்த கேட்வுமன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் ஆர்க்கம் சிட்டி முதலில் வந்தபோது புதுப் பெட்டி வாங்கியவருக்கு ஒரு குறியீடு கொடுத்தார்கள், அதை ஒருமுறை அடித்தால்தான் கேட்வுமன் வரும் பகுதிகள் திறக்கும். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய பழைய வட்டை (டிஸ்க்) வாங்கியவர் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். இன்னும் முக்கியமான உதாரணம் 2009இன் 'அசாசின்ஸ் கிரீட் 2'. ஃபிளாரன்ஸ் நகரத்து எட்சியோவின் கதை 11ஆம் பகுதி முடிந்ததும் நேராக 14க்குத் தாவும். இடையில் இருந்த நினைவுகள் சிதைந்துவிட்டன என்று விளையாட்டே ஒரு காரணம் சொல்லும். அந்த 12ஆம் பகுதியான ஃபோர்லிப் போரும், ஃபிளாரன்ஸைப் பிடித்துவைத்த துறவி சவொனரோலாவை எதிர்க்கும் 13ஆம் பகுதியும் 2010 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தனியாக விலைக்கு வந்தன. மார்ச்சில் கணினிக்கு வந்த பதிப்பில் இரண்டும் உள்ளேயே இருந்தன. ஒரு நாவலின் நடுவில் இரண்டு அத்தியாயங்களை எடுத்துவிட்டு அச்சடித்து, பிறகு அவற்றைத் தனிச் சிறுநூலாக விற்றால் எப்படி இருக்கும் என்று யோசித்தால், எல்லாம் சேர்ந்த பதிப்புக்கு ஏன் தனிப் பெயர் தேவைப்பட்டது என்பது புரியும்.

இப்போது தமிழுக்கு வருவோம். புத்தக உலகில் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்றால் 'செம்பதிப்பு' என்று சொல்வதுண்டு. செம்மை என்றால் திருத்தம், நேர்மை. செம்பதிப்பு என்பது சுவடிகளையும் முந்தைய பதிப்புகளையும் ஒப்பிட்டு, பாடவேறுபாடு பார்த்து, பிழை களைந்து, இதுதான் சரியான பாடம் என்று ஒரு பதிப்பாசிரியர் பொறுப்பேற்றுக் கொடுப்பது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்துவிட்டு அதோடு நிறுத்தவில்லை, 20 ஆண்டு கழித்து 1907இல் திருத்திய இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். அந்த உழைப்பின் வாசனை செம்பதிப்பு என்ற சொல்லில் இருக்கிறது. அதனால்தான் அதை விளையாட்டுக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கூடுதல்களை ஒரே பெட்டியில் போடுவது செம்மையாக்கல் ஆகாது. 2021 நவம்பரில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வின் மூன்று பழைய விளையாட்டுகள் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்று வந்தபோது பிழைகள் மலிந்து கிடந்தன, ராக்ஸ்டார் நிறுவனமே மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழைய பதிப்புகளைத் தன் கடையில் மறுபடி வைத்தது. உரிமம் முடிந்த சில பாடல்களும் அதில் இல்லை. அதைச் செம்பதிப்பு என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கு நாம் செய்யும் அநியாயம்.

என் பரிந்துரை எளிமையானது, பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போம். நகை வேலையிலிருந்து சொல் எடுக்கலாம். பட்டறையில் பழைய சங்கிலியை மெருகு போடக் கொடுத்தால் அழுக்குப் போய்ப் பளபளப்பு வரும், வடிவம் அதேதான். 'ரீமாஸ்டர்' என்பது இதுதான், மெருகேற்றிய பதிப்பு, சுருக்கமாக 'மெருகுப் பதிப்பு'. அதே சங்கிலியை உருக்கிப் புதிதாக வார்த்தால் பொன் அதேதான், நகை வேறு. 'ரீமேக்' அது, 'மறுவார்ப்பு' எனலாம். பதக்கமும் தோடும் தனித்தனியாக வாங்காமல் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தால் முழு செட் என்போமே, அதுதான் 'முழுப் பதிப்பு'. 'கேம் ஆஃப் தி இயர்', 'கம்ப்ளீட்', 'லெஜண்டரி', 'அல்டிமேட்' என்று எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது விளையாட்டும் அதன் எல்லாக் கூடுதல்களும் என்றால், தமிழில் முழுப் பதிப்பு என்ற ஒரே பெயர் போதும். இந்தக் கணக்கில் மாஃபியா 3 முழுப் பதிப்பு, மாஃபியா 2 மெருகேற்றிய முழுப் பதிப்பு, முதல் மாஃபியா மறுவார்ப்பு. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'ஸையும் வைத்துப் பார்த்தேன், பொருந்துகிறது. 2013இல் மூல விளையாட்டு. 2014இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்தது, 'லெஃப்ட் பிஹைண்ட்' கதையையும் சேர்த்த மெருகுப் பதிப்பு. 2022இல் வந்தது மறுவார்ப்பு.

அந்தக் கூடுதல்களுக்கு என்ன சொல்வது? 'டிஎல்சி'யை 'தரவிறக்கக்கூடிய உள்ளடக்கம்' என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். எதைத்தான் இன்று தரவிறக்காமல் விளையாடுகிறோம்? வார இதழ்களோடு 'இலவச இணைப்பு' வாங்கிப் பழகியவர்கள் நாம். இணைப்பு என்ற சொல்லே கையில் இருக்கிறது. லிங்க்குக்கும் அதைத்தான் சொல்கிறோமே என்று தயங்கினால் 'பின்னிணைப்பு' இருக்கிறது, நூலின் பின்னால் சேர்ப்பது போல விளையாட்டு வந்த பின்னால் சேர்ப்பது. தனிக்கதை உள்ள இணைப்பாக இருந்தால் 'கிளைக்கதை' என்பது இன்னும் நல்லது, பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நளன் கதையைக் கிளைக்கதை என்று சொல்லித் தெரியும். லெஃப்ட் பிஹைண்ட் அச்சு அசல் கிளைக்கதை. 2006இல் 'ஆப்லிவியன்' விளையாட்டில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றார்களே, அதைக் கிளைக்கதை என்று சொல்ல முடியாது, அது வெறும் இணைப்பு, அல்லது அணிகலன்.

'பதிப்பு'க்கு வருகிறேன் என்றேன் இல்லையா. சில வருஷம் முன்பு ஒரு விளையாட்டின் முழுப் பதிப்பை சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பழைய வட்டாக வாங்கினேன். பெயரோ கடையோ இங்கே முக்கியமில்லை. அட்டையில் எல்லாக் கதைகளும் சேர்ந்தது என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து போட்டால் மூல விளையாட்டு மட்டும்தான் ஓடியது. பெட்டியை மறுபடி திறந்து பார்த்தேன், கையேட்டுக்குப் பின்னால் நான்காக மடித்த ஒரு சின்னச் சீட்டு, வெள்ளியைச் சுரண்டிய தடம், அடியில் குறியீடு. எனக்கு முன்னால் வாங்கியவர் அதை எப்போதோ பயன்படுத்திவிட்டார். கதைகள் வட்டில் இல்லவே இல்லை.

வட்டு எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் இது இன்னும் உறுத்தும். உருகிய பாலிகார்பனேட்டை அச்சில் வைத்து அழுத்தி, கண்ணுக்குத் தெரியாத குழிகளாகத் தரவைப் பதிக்கிறார்கள். தாளில் ஈயெழுத்து பதிவது போலத்தான். ஆக, வட்டில் இருப்பது சொல்லின் நேர்ப்பொருளிலேயே பதிப்பு. சீட்டில் இருப்பது பதிப்பு இல்லை, ஓர் அனுமதி, அதுவும் ஒருமுறை மட்டும். அதனால் இப்போதெல்லாம் யாராவது எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று கேட்டால், முழுப் பதிப்பு என்று சொல்லி நிறுத்துவதில்லை. இணைப்புகள் வட்டிலேயே பதிந்திருந்தால் 'வட்டில் முழுப் பதிப்பு' என்கிறேன், சீட்டில் இருந்தால் 'மூலப் பதிப்பும் இணைப்புச் சீட்டும்' என்கிறேன், இணையக் கடையில் மட்டும் கிடைத்தால் 'முழு வெளியீடு'. பழைய வட்டு வாங்குகிறவர்கள் கடையிலேயே பெட்டியைத் திறந்து சீட்டு இருக்கிறதா, சுரண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.