உப்புக்காற்று ஊரில் மீத்திறன் மாணவருக்கான வகுப்பறை

மீத்திறன் மாணவர்களுக்காக ஒரு வகுப்பறையை மாற்றியமைக்க நன்கொடையோ நிதியோ கிடைத்தவுடன், பெரும்பாலான பள்ளிகள் முதலில் விலைப்பட்டியலைத்தான் வரவழைக்கின்றன. சக்கரம் வைத்த மேசைகள், வண்ண வண்ண நாற்காலிகள், பீன் பேக் மெத்தைகள் என்று படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகே, அவற்றை எந்த மாணவருக்காக வாங்குகிறோம் என்ற பேச்சு எழுகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முதல் சாயல்குடி வரையிலான கடலோரப் பள்ளிகளில் சிறப்பாசிரியராகப் பணியாற்றும் நான், இருக்கை அமைப்பைப் பற்றி ஆலோசனை கேட்கும் தலைமையாசிரியர்களிடம் முதலில் கேட்பது விலையைப் பற்றியல்ல. அந்த வகுப்பில் வேலையை முடித்துவிட்டுச் சும்மா காத்திருக்கும் பிள்ளை யார் என்பதைத்தான்.

காத்திருப்பதே மீத்திறன் மாணவரின் பெரிய துன்பம். மற்றவர்கள் நான்காவது கணக்கைத் தொடும்போது அவர் பத்தையும் முடித்திருப்பார். மூவர் அமரும், மேசையும் பெஞ்சும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட இரும்பு இருக்கையின் நடுவில் அவர் இருந்தால், எழுந்து நூலக அலமாரிக்குச் செல்லக்கூட இருபுறமும் உள்ளவர்களை எழுப்ப வேண்டும். அவர் பேசுவார், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுவார், அல்லது எதுவும் செய்யாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் இரண்டைச் செய்பவரைப் பற்றி ஆசிரியர் புகார் சொல்கிறார். மூன்றாவதைச் செய்பவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. வேறு சில வகுப்புகளில், முடித்துவிட்ட பிள்ளையை மற்றவர்களின் நோட்டுகளைத் திருத்தச் சொல்லி உதவியாளராக்கிவிடுகிறார்கள். அதனால் ஆசிரியரின் சுமை குறைகிறது. அந்தப் பிள்ளை புதிதாக ஒன்றும் கற்பதில்லை.

நம் பள்ளிகளில் மீத்திறன் மாணவர் என்றால் தேர்வில் அதிக மதிப்பெண் எடுப்பவர் என்றே பொருள் கொள்கிறோம். அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுலி 1978இல் முன்வைத்த விளக்கம் இதைவிட விரிந்தது: சராசரிக்கு மேற்பட்ட திறன், படைப்பாற்றல், எடுத்த வேலையில் ஊன்றி நிற்கும் உறுதி ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்றார் அவர். இந்த மூன்றில் பின்னிரண்டும் வரிசை பெஞ்சில் அமர்ந்து எழுதும் தேர்வில் தெரிவதில்லை. அவை தெரிவதற்கு இடமும் நேரமும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் நடுத்தர மதிப்பெண் எடுக்கும் ஒரு மாணவி. தந்தை நாட்டுப்படகுத் தொழிலாளர். மேசைகளை ஓரங்கட்டித் தரையில் பாய் விரித்த ஒரு கணக்குப் பாடவேளையில், விகிதக் கணக்கு ஒன்றைத் தாமே உருவாக்கும்படி மாணவர்களிடம் சொல்லியிருந்தோம். அவள் நான்கு சார்ட் தாள்களை ஒட்டிப் பரப்பி, தன் ஊர்ப் பங்குக் கணக்கை வரையத் தொடங்கினாள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக 6,000 ரூபாய் மிஞ்சுகிறது. படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, நான்கு ஆட்களுக்கு நான்கு என ஆறு பங்கு. பங்குக்கு 1,000 ரூபாய். ஐந்தாவதாக ஓர் ஆள் ஏறினால் என்னவாகும் என்று அவளே கேட்டுக்கொண்டு, 500, 1,000, 1,500 எனக் கூடுதல் வருமானத்தை மாற்றி மாற்றிக் கட்டங்களை நிரப்பினாள். மணி அடித்த பிறகும் எழவில்லை. கடைசியில், "புது ஆளால கூடுற காசு இப்போ இருக்குற ஒரு பங்கைவிட அதிகமா இருந்தாத்தான் டீச்சர், எல்லாருக்கும் பங்கு கூடும்" என்றாள். சராசரிக்கும், கூடுதலாகச் சேரும் ஓர் அலகு தரும் வரவுக்கும் உள்ள இந்தத் தொடர்பைப் பொருளியல் மாணவர்கள் மேல்நிலை வகுப்பில்தான் படிக்கிறார்கள். ஒன்றரை அடி அகல மேசையில் அந்த நான்கு தாள்களை விரித்திருக்க முடியாது. விரிக்க முடியாத ஒன்றை அவள் தொடங்கியிருக்கவும் மாட்டாள்.

ஆகவே, வேலைக்கேற்ப இடத்தையும் இருக்கையையும் மாற்றிக்கொள்ள விடும், வளைந்து கொடுக்கும் இருக்கை அமைப்பு என்பது ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட ஐந்தாறு பேருக்கான சலுகையல்ல. இதுவரை நம் கண்ணில் படாதவர்களை நமக்குக் காட்டும் கருவியும் அதுவே. இதனால்தான், வகுப்பறையின் ஒரு மூலையை அலங்கரித்து "மீத்திறன் மூலை" என்று பெயர் எழுதி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அறை முழுவதும் எல்லோருக்கும் பொதுவாக மாற வேண்டும்.

இந்தச் சிந்தனை நமக்குப் புதிதுமல்ல. குழந்தைகளே தூக்கி நகர்த்தக்கூடிய எடை குறைந்த மேசை நாற்காலிகளை மரியா மாண்டிசோரி 1907இலேயே ரோம் நகரில் பயன்படுத்தினார். 1939இல் இந்தியா வந்து சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். 2007இல் தமிழகம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைப் பாயில் குழுக்களாக அமர்த்தியது. சுவரின் அடிப்பகுதியில் கீழ்மட்டக் கரும்பலகையைத் தந்தது. ஒவ்வொருவரும் தம் வேகத்தில், பாடப் படிநிலைகளை வரிசைப்படுத்திய கற்றல் ஏணிப்படியில் ஏறும்படி அட்டைகளை அமைத்தது. பல பள்ளிகளில் அந்தக் கீழ்மட்டக் கரும்பலகையை இன்று பீரோக்கள் மறைத்து நிற்கின்றன. பீரோவை நகர்த்திக் கரும்பலகைக்கு மீண்டும் கறுப்புப் பூசினால், நின்றும் மண்டியிட்டும் எழுத விரும்பும் பிள்ளைகளுக்கான முதல் வசதி ஏறக்குறைய செலவே இல்லாமல் கிடைத்துவிடும்.

தரையைப் பற்றி ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். நகரத்துத் தனியார் பள்ளியில் தரையில் அமர்வது புதுமையாகத் தோன்றலாம். பெஞ்ச் இல்லாததால் பல தலைமுறைகள் தரையில் அமர்ந்து படித்த, அல்லது சிலர் பெஞ்சில் இருக்கத் தாங்கள் மட்டும் தரையில் அமர்த்தப்பட்ட நினைவுள்ள ஊர்களில், "எம்புள்ளைய ஏன் கீழே உட்கார வச்சீங்க?" என்று ஒரு தாய் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. எனவே தரை, பெஞ்ச், நின்று எழுதும் மேசை ஆகிய மூன்றையும் எல்லா மாணவரும் முறைவைத்துப் பயன்படுத்த வேண்டும். யாரையும் ஆசிரியர் தரைக்கு அனுப்பக் கூடாது. மாற்றத்துக்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரை அந்த மூன்று இடங்களிலும் அமர வைத்துப் பேசுவது நல்லது. வளரிளம் பெண்களில் சிலர் தரையில் அமரத் தயங்கினால், காரணம் கேட்காமல் விட்டுவிட வேண்டும்.

இங்கிலாந்தில் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 27 பள்ளிகளின் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், அறையின் வடிவமைப்பால் கற்றலில் ஏற்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதிக்கு வெளிச்சம், காற்று, வெப்பம் போன்ற இயற்கைக் கூறுகளே காரணம் என்று தெரியவந்தது. அங்கேயே அப்படியென்றால், கான்கிரீட் கூரையின் கீழ் ஏப்ரலில் வகுப்பு நடத்தும் நாம் நாற்காலியை விலை பேசுவதற்கு முன்பு சன்னலைப் பார்க்க வேண்டும். மேற்குச் சன்னலுக்கு ஓலைத் தட்டி கட்டினால் பிற்பகல் வெயிலும் மணல் வெளியின் கூசும் வெளிச்சமும் குறைகின்றன. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தாள்கள் பறக்கும் என்பதால், தாள் பரப்பும் வேலைக்கான இடத்தைத் தென்மேற்குச் சன்னலிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் இதையே வடகிழக்குப் பக்கத்துக்கும் பார்க்க வேண்டும். மின்விசிறியின் கீழுள்ள இடம் யாருடையது என்ற சண்டை வராமல் இருக்க, அந்த இடத்தை எவருக்கும் நிரந்தரமாக்கக் கூடாது.

இனி பொருள்களுக்கு வருவோம். விலைப்பட்டியலில் உள்ளவற்றில் பெரும்பாலானவை உப்புக்காற்றை நினைத்துச் செய்யப்பட்டவையல்ல. சாதாரண இரும்புக் குழாயின் மேல் உள்ள பவுடர் கோட்டிங் எங்கே சிராய்க்கிறதோ அங்கிருந்து துரு உள்ளே பரவிப் பூச்சை உரித்தெடுக்கிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புக் குழாய் மேலானது; ஆனால் வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடுவதால் மூட்டுகள்தாம் முதலில் துருப்பிடிக்கும். வெல்டிங் செய்த இடங்களில் துத்தநாகம் கலந்த பெயிண்ட்டை அன்றே பூசச் சொல்லி வாங்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304 ரகத்தில் கடலோரத்தில் பழுப்புக் கறை படியும். 316 ரகம் தாங்கும், விலைதான் அதிகம். போல்ட்டுகளுக்கு மட்டுமாவது 316 வாங்குவது பயன் தரும். சக்கரங்கள் வேண்டவே வேண்டாம்: மணல் புகுந்து இறுகிவிடும், பிறகு அந்த மேசை சாதாரண மேசையைவிட நகர்த்தக் கடினமாகிவிடும். பீன் பேக் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடித்து நாறும்.

இவற்றுக்கு மாற்று உள்ளூரிலேயே இருக்கிறது. பூவரசு, வேம்பு ஆகிய மரங்களில் செய்த முக்காலியும், இரண்டு பிள்ளைகள் சேர்ந்து தூக்கக்கூடிய சிறு மேசையும் போதும். எந்த ஆணி உப்பைத் தாங்கும் என்பது படகு கட்டும் ஆசாரிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மேசை செய்யும் வேலையை அவர்களிடமே கொடுக்கலாம். உயரத்துக்கு அளவு எளிது: அமர்ந்தால் பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும், மேசைப் பலகை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரே வகுப்பில் உயரங்கள் பெரிதும் வேறுபடுவதால் இரண்டு மூன்று அளவுகளில் செய்வது நல்லது. பனையோலைப் பாயை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது வெயிலில் உலர்த்த வேண்டும். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பழைய பெஞ்சை, முறைப்படி கழிவு நீக்கம் செய்யாமல் அறுத்துவிடக் கூடாது. பாதியை அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது, பெஞ்சையே விரும்பும் பிள்ளைகளும் உண்டு.

மீத்திறனும் கற்றல் குறைபாடும் அல்லது கவனச் சிதறலும் ஒருங்கே உள்ள பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அருமையாகப் பேசுவார்கள், எழுத்தில் தடுமாறுவார்கள். சத்தமும் சுவர் முழுக்க ஒட்டிய படங்களும் அவர்களைக் களைப்படையச் செய்யும். வெற்றுச் சுவரை நோக்கிய, மூன்று பக்கம் தட்டி மறைத்த ஒற்றை மேசை ஒன்று அறையில் இருக்கட்டும். அது தண்டனைக்கான இடமாக ஒருமுறை பயன்பட்டுவிட்டாலும், பிறகு எந்தப் பிள்ளையும் அங்கே விரும்பிப் போகாது.

தொடக்கத்தில் கூச்சல் இருக்கும். மேசைக் கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினால் பாதி இரைச்சல் அடங்கும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோடு, "இந்த வேலைக்கு இந்த இடம் எனக்கு ஏன் உதவுகிறது" என்று ஒரு வரி சொல்லும் பொறுப்பையும் மாணவரிடம் கொடுத்துவிட வேண்டும். யார், எந்த வேலைக்கு, எங்கே போனார், எவ்வளவு நேரம் ஊன்றி நின்றார் என்பதை ஆசிரியர் ஒரு நோட்டில் குறித்து வந்தால், திறனாய்வுத் தேர்வுகளுக்கு யாரை ஊக்குவிப்பது என்பதற்கு மதிப்பெண் பட்டியலைவிட அந்த நோட்டு நன்றாக வழிகாட்டும்.

கடைசியாக இரண்டு நடைமுறைச் செய்திகள். புயல் எச்சரிக்கை வந்தால் நம் வகுப்பறை நிவாரண முகாமாகும், தேர்தலில் வாக்குச்சாவடியாகும். ஆகவே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு சுவரோரம் ஒதுக்க முடியாத எதையும் வாங்க வேண்டாம். அடுத்தது பணிமாறுதல். அறையை மாற்றிய ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போனால், புதிதாக வருபவர் ஒரே வாரத்தில் பழைய வரிசைகளை மீண்டும் போட்டுவிடுவதைப் பார்க்கிறோம். அறையின் வரைபடத்தையும் ஒவ்வோர் இடத்தின் நோக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி, மேலாண்மைக் குழுத் தீர்மானத்திலும் சேர்த்துவிட்டால், புதிதாக வருபவர் மாற்றவே விரும்பினாலும் மாணவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுவார்.