சேர்வரை மாற்ற முதல் குவெரியைப் பாருங்கள்

தீபாவளிக்கு ஒரு கிழமைதான் இருந்தது. திருகோணமலையில் புடவைக்கடையோடு ஒன்லைன் கடையும் நடத்தும் அண்ணா ஒருவர் கோல் எடுத்தார். "தம்பி, பின்னேரமானால் சைட் திறக்குதில்லை. பெரிய சேர்வருக்கு மாறச் சொல்லுறாங்கள். காசு கட்டட்டோ?"

"ஒரு நாள் பொறுங்கோ அண்ணா" என்றேன்.

அவருடையது வேர்ட்பிரஸில் வூகொமர்ஸ் சேர்த்துச் செய்த கடை, அடியில் தரவுகளைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல். அதனிடம் தரவு கேட்டு அனுப்பும் கட்டளைதான் குவெரி. நேரமெடுக்கும் குவெரிகளைக் குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லொக் அதில் உண்டு. ஆனால் நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும். இயக்கினாலும் இயல்பான எல்லை 10 நொடி. அது ஒரு கடைக்கு மிக அதிகம். 1 நொடியாகக் குறைத்து ஒரு மாலை முழுக்க விட்டேன்.

மறுநாள் லொக்கில் ஒரே குவெரி திரும்பத் திரும்ப நின்றது. வாடிக்கையாளர் போன் நம்பரைக் கொடுத்து "என் ஓர்டர் எங்கே" என்று பார்க்கும் பக்கம் அது. ஒரு குவெரி எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் என்ற சொல்லை அதன் முன்னால் போட்டு ஓட்டினேன். டைப் என்ற இடத்தில் ஆல் என்று வந்தது. அட்டவணையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கிறது என்று அர்த்தம். வாசிக்க வேண்டிய வரிகள் கிட்டத்தட்ட ஒன்பது லட்சம்.

ஏன் அப்படி? போன் நம்பரைச் சிலர் 077 என்று தொடங்குகிறார்கள், சிலர் +94 போடுகிறார்கள், சிலர் நடுவில் இடைவெளி விடுகிறார்கள். எப்படி எழுதினாலும் பிடிபடட்டும் என்று நினைத்து, பக்கத்தைச் செய்தவர் நம்பரின் இரு பக்கமும், எதுவும் வரலாம் என்று பொருள்படும் சதவீதக் குறி போட்டு லைக் என்று தேடியிருந்தார். முன்னால் சதவீதக் குறி வந்தால் சாதாரண இன்டெக்ஸ், அதாவது வரிசைப்படுத்திய தேடல் பட்டியல், உதவாது. அகராதியில் கடைசி எழுத்தை மட்டும் வைத்துச் சொல் தேடுவதுபோலத்தான். போதாக்குறைக்கு, அந்த நம்பர்கள் இருந்த போஸ்ட்மெட்டா என்ற அட்டவணையில், மதிப்புகளை வைக்கும் மெட்டா வேல்யூ பத்திக்கு இன்டெக்ஸே கிடையாது.

பக்கம் வராவிட்டால் ஆட்கள் என்ன செய்வார்கள்? ரீஃபிரெஷ் அழுத்துவார்கள். பழைய குவெரி முடியாமலே புதிது தொடங்கும். இணைப்புகள் குவியும், மைஎஸ்கியூஎல்லில் இயல்பான உச்சம் 151. அது நிரம்பினால் புடவை வாங்க வந்தவருக்கும் கதவு அடைபடும். சேர்வரைப் பெரிதாக்கியிருந்தால் அடுத்த பொங்கல் வரை தாக்குப்பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

செய்தது சின்ன வேலை. நம்பரின் கடைசி 9 இலக்கத்தை மட்டும் ஓர்டர் எண்ணோடு தனி அட்டவணையில் வைத்து, அந்தப் பத்திக்கு இன்டெக்ஸ் போட்டோம். வாடிக்கையாளர் எப்படி எழுதினாலும் முதலில் 9 இலக்கமாக்கிவிட்டு நேருக்கு நேர் ஒப்பிடுகிறோம். பன்னிரண்டு நொடி எடுத்த தேடல் கண்மூடித் திறக்க முதல் வருகிறது.

இதைக் கேட்டுவிட்டு எல்லாப் பத்திக்கும் இன்டெக்ஸ் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு புது ஓர்டரும் அத்தனை இன்டெக்ஸிலும் பதிய வேண்டிவரும். லொக்கைப் பார்க்கும்போதும் தனி ஒரு குவெரி எடுத்த நேரத்தில் மயங்க வேண்டாம். இரவில் ஒருமுறை 20 நொடி ஓடும் அறிக்கையைவிட, நாளுக்கு 4,000 தரம் ஓடும் 1 நொடிக் குவெரிதான் கடையைக் கெடுக்கும். நினைவக ஒதுக்கீட்டையும் பாருங்கள்: மைஎஸ்கியூஎல் தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபி பஃபர் பூல் இயல்பாக 128 எம்பிதான், பல இடங்களில் அதை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

அப்புறம் பேக்கப் நேரம். இன்னொரு கடையில் அதிகாலை 2.30க்கு என்று வைத்திருந்தார்கள். சேர்வரின் கடிகாரம் யூடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம். நமக்கு அது காலை 8 மணி, பொடியள் வந்து ஓர்டர்களைப் பிரிண்ட் எடுக்கத் தொடங்கும் நேரம். "காலையில்தான் ஸ்லோ" என்று அவர்கள் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.