'ரெரா நம்பர் இருக்கு சார்': அந்த எண் யாருடையது?

மனைப் பத்திரங்களைப் பரிசீலித்துச் சட்டக் கருத்துரை எழுதித் தருவது என் தொழில். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் மனை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முன்பணம் கொடுத்த பிறகுதான் வழக்கறிஞரைத் தேடி வருகிறார்கள். பத்திர நகல்களோடு ஒரு வண்ண விளம்பரத் தாளும் கையில் இருக்கும். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு ரெரா எண். "எல்லாம் ரெரா அப்ரூவ்டு சார், ஏஜென்ட்டும் ரெராவுல பதிவு பண்ணவர்தான்" என்பார்கள். அந்த எண் தரகருடையதா, திட்டத்துடையதா, எந்த சர்வே எண்ணுக்கு உரியது என்று கேட்டால் அநேகமாகப் பதில் இருக்காது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுத்தவர்களை இத்தனை பேர் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

ரெரா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கான விதிகள் அதே ஆண்டு ஜூன் மாதம் வெளியாயின. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கட்டுமான நிறுவனங்களைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் இதே சட்டம் தரகர்களையும் கட்டுப்படுத்துகிறது. பதிவு பெற்ற திட்டத்தில் ஒரு மனையையோ வீட்டையோ விற்றுக் கொடுக்கும் எவரும், புரோக்கர், டீலர், ஆலோசகர் என்று எந்தப் பெயரில் தொழில் செய்தாலும், கமிஷன் வாங்கினால் மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. தான் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிடுவதும் அவர் கடமை. தனி நபராகத் தொழில் செய்பவருக்கும் இது பொருந்தும், நிறுவனத்துக்கும் பொருந்தும்.

ஆக, இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று திட்டத்துடையது, மற்றது தரகருடையது. தரகர் பதிவு பெற்றவர் என்பதால் அவர் காட்டுகிற மனை பதிவு பெற்றதாகிவிடாது. மனைப்பிரிவு பதிவு பெற்றது என்பதால் அதை விற்க வருகிற ஆள் பதிவு பெற்றவர் ஆகிவிடமாட்டார். இரண்டையும் தனித்தனியாக ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்க வேண்டும்.

இதில் நான் அதிகம் பார்த்த ஏமாற்று, பொய்யான எண்ணைக் கொடுப்பது அல்ல. உண்மையான எண்ணை வேறு நிலத்துக்குக் காட்டுவது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கோப்பைச் சொல்கிறேன். பணிக்கொடையில் ஒரு மனை வாங்க நினைத்தார். தரகர் பதிவு பெற்றவர். எண் சரியாக இருந்தது. விளம்பரத்தில் இருந்த திட்ட எண்ணும் இணையதளத்தில் இருந்தது. ஊர் பெயரும் மனைப்பிரிவின் பெயரும் ஒத்துப்போயின. அவரே இதையெல்லாம் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக ரூ.3 லட்சம் கொடுத்திருந்தார். பதிவுச் சான்றில் இருந்த சர்வே எண்களை அவருக்குக் கொடுத்த வரைபடத்தின் சர்வே எண்களோடு வைத்துப் பார்த்தபோது ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பதிவு பெற்றது முதல் கட்டம். அது எப்போதோ விற்றுத் தீர்ந்துவிட்டது. அவருக்குக் காட்டியது பக்கத்து நிலம், 'இரண்டாம் கட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு ரெரா பதிவும் இல்லை, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) ஒப்புதலும் இல்லை, விண்ணப்பம் போட்டிருப்பதாக வாய்வார்த்தை மட்டும் இருந்தது.

சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. ஒரு திட்டத்தைக் கட்டம் கட்டமாகச் செய்தால் ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு வேண்டும் என்று 3ஆம் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. பதிவு கிடைக்கும் முன் விளம்பரம் செய்யவோ, முன்பதிவு வாங்கவோ, விற்கவோ கூடாது. 'ப்ரீ லாஞ்ச் ஆஃபர்' என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்திகள் பலவும் இந்தத் தடையை மீறியவையே. 10ஆம் பிரிவு தரகருக்குப் போடுகிற முதல் விதியும் இதுதான்: பதிவு செய்ய வேண்டிய, ஆனால் பதிவு செய்யாத திட்டத்தில் அவர் எந்த விற்பனைக்கும் துணைபோகக் கூடாது. எனவே அந்த ஆசிரியர் விஷயத்தில் தவறு மனைப்பிரிவைப் போட்டு விற்கும் புரமோட்டரோடு நிற்கவில்லை. முறையாகப் பதிவு செய்துகொண்ட அந்தத் தரகரும் சட்டத்தை மீறியவர்தான்.

எண்ணைத் தேடிப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். திட்டப் பதிவில் உள்ள சர்வே எண், உட்பிரிவு, ஒப்புதல் வரைபட எண், மனை எண் ஆகியவற்றை உங்களுக்குக் கொடுத்த வரைபடத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பதிவின் முடிவுத் தேதியையும் பாருங்கள். இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது: திட்டத்தைப் பதிவு செய்யும்போது அதை விற்கப்போகிற தரகர்களின் பெயர், முகவரியையும் புரமோட்டர் கொடுக்க வேண்டும். உங்களிடம் வந்தவர் பெயர் அதில் இல்லையென்றால், இவர் உங்களோடு பேசுவது தெரியுமா என்று புரமோட்டர் அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது.

தரகர் யார் என்பதையும் இணையதளமே சொல்லும். பதிவு பெற்ற தரகர்களின் பெயரையும் புகைப்படத்தையும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள், பதிவு ரத்தானவர்கள் விவரத்தையும் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது ஆணையத்தின் கடமை என்று 34ஆம் பிரிவு சொல்கிறது. புகைப்படத்தைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் பெயரில் வாங்கிய பதிவை வைத்துக்கொண்டு நான்கைந்து பேர் ஊரெல்லாம் மனை காட்டுவது இங்கே சகஜம்.

10ஆம் பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால், தரகரிடம் நாம் எவ்வளவு குறைவாக எதிர்பார்க்கிறோம் என்பது தெரியும். கணக்குப் புத்தகங்களை முறையாக வைத்திருக்க வேண்டும். வாய்மொழியாகவோ எழுத்திலோ படமாகவோ பொய்யான தகவல் தரக் கூடாது. இல்லாத ஒப்புதலை இருப்பதாகச் சொல்லக் கூடாது. கொடுக்க எண்ணமில்லாத சேவையை விளம்பரம் செய்யக் கூடாது. முன்பதிவு நேரத்தில் வாங்குபவருக்கு உரிமையுள்ள எல்லா ஆவணங்களும் தகவல்களும் அவர் கைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். "மொதல்ல டோக்கன் போடுங்க, அப்புறம் ஜெராக்ஸ் தரேன்" என்கிற வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 'வாய்மொழியாக' என்று சட்டமே சொல்வதால், "ஆறு மாசத்துல பக்கத்துலயே பஸ் ஸ்டாண்டு வருது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவைக்கூட அழிக்காமல் வைத்திருங்கள்.

பணத்துக்கு வருகிறேன். முன்பணம் தரகரின் சொந்தக் கணக்குக்கோ அவர் உறவினர் கணக்குக்கோ போகக் கூடாது. திட்டப் பதிவில் காட்டியுள்ள புரமோட்டரின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் புரமோட்டர் வாங்கக் கூடாது என்பது 13ஆம் பிரிவு. ரொக்கமும் வேண்டாம், ரூ.20,000 அல்லது அதற்கு மேல் அசையாச் சொத்துக்கான முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. தரகுக் கட்டணம் எத்தனை சதவீதம், எப்போது தர வேண்டும், பேரம் முறிந்தால் என்ன என்பதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நல்ல தரகர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. என்னிடம் கட்சிக்காரரை அழைத்து வந்து, "எல்லாத்தையும் பாருங்க மேடம், ஏதாவது இடிச்சா இந்த இடமே வேணாம்" என்று சொல்கிற தரகர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்புக்குக் கொடுக்கிற காசு வீணல்ல.

ஏமாந்த பிறகு என்ன செய்வது? 31ஆம் பிரிவின்படி புரமோட்டர் மீது மட்டுமல்ல, தரகர் மீதும் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வருகிற புகார் வரைவுகளில் தரகர் பெயரே இருப்பதில்லை. அவரை எதிர்மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 9, 10ஆம் பிரிவுகளை மீறும் தரகருக்கு, மீறல் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.10,000 அபராதம், அவர் விற்றுக் கொடுத்த சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை. ரூ.30 லட்சம் மனை என்றால் உச்சவரம்பு ரூ.1.5 லட்சம்; பதினைந்தே நாளில் அதைத் தொட்டுவிடும். இந்த வரம்பு போதாது என்பது என் கருத்து. மேலும் அந்த அபராதம் அரசுக் கணக்குக்குப் போவது, உங்கள் கைக்கு வராது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கையைப் புகாரில் தனியாக, தொகையும் தேதியும் போட்டு எழுத வேண்டும். தரகரின் பதிவை ரத்து செய்யவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதையும் கேளுங்கள். தீர்ப்பு பாதகமானால் 60 நாட்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இனி இந்தச் சட்டம் எட்டாத இடம். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற பகுதி. தரகர் பதிவு செய்ய வேண்டும் என்பது பதிவு பெற்ற திட்டங்களின் விற்பனைக்கு மட்டுமே. ஒருவர் குடியிருந்த வீட்டை இன்னொருவர் வாங்கும் மறுவிற்பனை, வாடகை, தனியார் விவசாய நிலம் எல்லாம் இதற்கு வெளியே நிற்கின்றன. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில், அதாவது சுமார் இரண்டேகால் கிரவுண்டுக்குள், எழும்பும் அடுக்குமாடிகளுக்கும் 8 வீடுகளுக்கு மேற்படாத கட்டடங்களுக்கும் திட்டப் பதிவே தேவையில்லை. தாம்பரம், பம்மல், மேடவாக்கம் தெருக்களில் நாம் பார்க்கிற ஆறு வீட்டுக் கட்டடங்கள் பல இந்த வகை. அவற்றை விற்றுக் கொடுப்பவரிடம் பதிவு எண் இல்லையென்றால் அது சட்டமீறல் ஆகாது. ஆனால் ரெரா ஆணையத்தின் பாதுகாப்பும் அங்கே உங்களுக்கு இல்லை.

அங்கே துணைக்கு வருவது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். மறுவிற்பனையில் அதிகம் நடப்பது 'மேல வெச்சு' விற்பது. வீட்டுக்காரர் 60 லட்சம் கேட்பார், தரகர் வாங்குபவரிடம் 66 சொல்வார், நடுவில் உள்ள 6 லட்சத்தோடு இரு தரப்பிலும் கமிஷனும் வாங்குவார். தன்னை நியமித்தவருக்குத் தெரியாமல், அவருக்காகச் செய்ய வேண்டிய வேலையில் தனக்காகவே பேரம் நடத்தி லாபம் பார்க்கும் முகவரிடம், அந்த லாபத்தைக் கேட்டு வாங்கும் உரிமை நியமித்தவருக்கு உண்டு என்கிறது அந்தச் சட்டத்தின் 216ஆம் பிரிவு. ஆனால் நீங்கள் அவரை நியமித்தீர்கள் என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டுமே! அதற்காகத்தான் அந்தத் தனித்தாள். விற்பவரையும் வாங்குபவரையும் நேரில் சந்திக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் தரகரிடம் ஒப்பந்தம் போடாதீர்கள். பவர் பத்திரம் வைத்திருப்பவரோடு மட்டும் பேசி முடிக்கச் சொன்னால், நிலத்தின் உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் ஒரு ரூபாய்கூட நகர்த்த வேண்டாம்.

மகாராஷ்டிர ஆணையம் 2023-இல் தரகர்களுக்குப் பயிற்சியும் தகுதித் தேர்வும் கட்டாயம் என்று ஆணையிட்டது. தமிழ்நாட்டின் 2017 விதிகள் பதிவுக்குத் தேர்வு எதையும் கேட்கவில்லை. பட்டா, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் இவற்றைப் படிக்கத் தெரியாத ஒருவரும் அடையாளச் சான்றுகளும் கட்டணமும் கொடுத்துப் பதிவு பெறலாம் என்ற நிலையில், அந்தப் பதிவு அவருடைய முகவரிக்குத்தான் சான்று, அறிவுக்கு அல்ல. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு கைமாறும் தொழிலுக்கு இங்கும் அப்படியொரு தேர்வு வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

அந்த ஆசிரியர் புரமோட்டர், தரகர் இருவர் மீதும் புகார் கொடுத்தார். பணம் தரகரின் மனைவி கணக்குக்குப் போயிருந்தது. ஆனால் அனுப்பியதற்கான வங்கிக் குறிப்பும், "மனை எண் 14-க்கு டோக்கன் வந்துவிட்டது" என்று தரகர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் அவரிடம் இருந்தன. பணத்தையும் மனையையும் இணைக்கும் ஆதாரம் அந்த ஒரே செய்திதான். பணம் அனுப்பிய அன்றே, எந்த மனைக்காக, எந்தத் திட்ட எண்ணுக்காக, எவ்வளவு என்று நீங்களாகவே ஒரு செய்தி எழுதி, அதற்கு அவரிடமிருந்து பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.