பார்த்தால் தெரியும், கேட்டால் வராது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் அக்கா மகள் புத்தகப் பையோடு வீட்டுக்கு வந்தாள். அரசியலமைப்புப் பாடத்தைத் திறந்து காட்டினாள். மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என்று பக்கம் முழுக்கக் கோடுகள். கோடு விழாத வரியைத்தான் தேட வேண்டியிருந்தது. "ஐந்து தடவை வாசித்துவிட்டேன் சித்தி, மனதில் நிற்கவே இல்லை. எனக்கு ஞாபக சக்தி குறைவு" என்றாள்.

புத்தகத்தை வாங்கி மூடி வைத்தேன். அடிப்படை உரிமைகளைக் காக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் ஐந்து நீதிப்பேராணைகளைச் சொல்லச் சொன்னேன். ஆட்கொணர் நீதிப்பேராணை வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தடையுறுத்தும் நீதிப்பேராணை வந்தது. அதோடு நின்றுவிட்டது. "பார்த்தால் தெரியும் சித்தி" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

அவளுக்கு ஞாபக சக்தியில் ஒரு குறையும் இல்லை. அவள் பயிற்சி எடுத்ததே பார்த்துத் தெரிந்துகொள்வதில்தான். தேர்வு கேட்பது பார்க்காமல் சொல்வதை. கல்யாண வீட்டில் ஒருவர் எதிரே வந்து நிற்கிறார். முகம் நன்றாகத் தெரிகிறது, பெயர் வரமாட்டேன் என்கிறது. அடையாளம் காண்பதும் நினைவிலிருந்து எடுப்பதும் மூளைக்கு இருவேறு வேலைகள். ஒன்றில் எவ்வளவு தேறினாலும் மற்றது தானாக வந்துவிடாது. ஐந்தாம் முறை வாசிக்கும்போது கண் வரிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சுலபத்தை மூளை 'இது எனக்குத் தெரியும்' என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. கணக்கு தப்பு என்பது தேர்வறையில்தான் தெரியவருகிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய சோதனை ஒன்றை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கேயும் நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு பாடமும் அதைப் படிக்க அடுத்தடுத்து நான்கு வேளைகளும் தரப்பட்டன. பயன்படுத்திய இரண்டு பாடங்களில் ஒன்று சூரியனைப் பற்றியது, இன்னொன்று கடல் நீர்நாய்களைப் பற்றியது. ஒரு பிரிவினர் நான்கு வேளையும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு பிரிவினர் முதல் வேளை மட்டும் வாசித்தார்கள். மீதி மூன்று வேளையும் வெள்ளைத்தாளில், நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதினார்கள். முதல் பிரிவினர் பாடத்தைச் சராசரியாக 14 தடவை வாசித்திருந்தார்கள், இரண்டாம் பிரிவினர் மூன்று தடவைக்குச் சற்று மேல்.

ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது வாசித்தவர்களே வென்றார்கள்: 83 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நிலைமை தலைகீழானது. 14 தடவை வாசித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம் இருந்தது. இத்தனைக்கும் எழுதிப் பார்த்தபோது எது சரி, எது தவறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த ஐந்து நிமிடக் கணக்குதான் நம்மைத் தலைமுறை தலைமுறையாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் நாள் இரவு விழுந்து விழுந்து வாசித்துவிட்டு மறுநாள் காலை பள்ளித் தேர்வு எழுதியவர்களுக்கு அது பலித்தது. பலித்ததால் அதையே படிக்கும் முறை என்று நம்பிவிட்டோம். ஆறு மாதம் கழித்து வரும் போட்டித் தேர்விலும், இரண்டு வருடம் கழித்து அலுவலகத்தில் கேட்கப்படும் விதிமுறையிலும் அது கைவிட்டுவிடுகிறது. இன்னொன்றையும் அந்தச் சோதனையில் கவனித்தார்கள். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் வாசித்துக்கொண்டே இருந்த பிரிவினர்தான். எழுதிப் பார்த்தவர்களுக்குத் தங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தடுமாறியதை அவர்கள் தோல்வி என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தத் தடுமாற்றத்தின்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, ராபர்ட் பியார்க், எலிசபெத் பியார்க் என்ற உளவியலாளர்கள், கணவன் மனைவி இருவரும் 1992இல் முன்வைத்த விளக்கம் எனக்கு மிகவும் உதவியது. ஒவ்வொரு நினைவுக்கும் இரண்டு வலிமைகள் உண்டு என்கிறார்கள்: எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது ஒன்று, இந்த நேரத்தில் எவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகிறது என்பது மற்றொன்று. நேற்று இரவு ரயிலில் வந்தவருக்கு இருக்கை எண் இன்று காலை பளிச்சென்று நினைவிருக்கும். அடுத்த மாதம் சுத்தமாகப் போய்விடும். கைக்கு எட்டியது, ஆனால் பதியவில்லை. சின்ன வயதில் குடியிருந்த வீட்டின் கதவு எண் இதற்கு நேர்மாறு. கேட்டால் வராது, யாராவது சொன்னால் 'ஆமாம், அதேதான்' என்போம். பரணில் பத்திரமாக இருக்கிறது, கைதான் எட்டவில்லை.

இனிமேல்தான் முக்கியமான இடம். கைக்குச் சுலபமாக வரும் ஒன்றை எடுத்துப் பார்ப்பதால் பதிவு அதிகம் ஆழமாவதில்லை. கைக்கு எட்டாமல் நழுவத் தொடங்கிய ஒன்றை முயன்று எடுக்கும்போதுதான் அது நன்றாக ஆழமாகிறது. திறந்த புத்தகத்தின் முன்னால் மூளை எதையும் தேட வேண்டியதில்லை, பக்கம் எல்லாவற்றையும் நீட்டிவிடுகிறது. மூடிய புத்தகத்தின் முன்னால் 'ஐந்து நீதிப்பேராணைகள்' என்ற ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு அது தானே வழி தேட வேண்டியிருக்கிறது. ஆகவே கொஞ்சம் மறப்பது படிப்புக்குப் பகை அல்ல. கொஞ்சம் மறந்த பிறகு எடுப்பதில்தான் பலன் அதிகம்.

மறதி எந்த வேகத்தில் வருகிறது என்று முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளே இல்லாத சுமார் 2,300 அசைகளைத் தயாரித்து, அவற்றை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறந்துபோன வரிசையைத் திரும்பப் படிக்கும்போது முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34. ஆனால் ஒரு மாதம் கழித்தும் 21 சதவீதம் மிச்சமாகியது. சரிவு முதல் நாளிலேயே பெரும்பாலும் நடந்துவிடுகிறது, பிறகு மெதுவாகிவிடுகிறது. 'எல்லாம் மறந்துவிட்டது' என்று உட்கார்ந்து அழும் பிள்ளைகளிடம் இந்த 21ஐத்தான் சொல்ல விரும்புகிறேன். சுத்தமாகப் போய்விட்டதாகத் தோன்றும் பாடத்தை இரண்டாம் முறை படிக்க, முதல் முறை ஆன நேரம் ஆகாது.

எத்தனை நாள் இடைவெளி விடுவது? நிக்கோலஸ் செபெடாவும் சக ஆய்வாளர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள். தேர்வு 7 நாள் தள்ளி என்றால், மறுபடி படிப்பதற்கு 1 நாள் இடைவெளி நல்ல பலன் தந்தது. 35 நாள் தள்ளி என்றால் 11 நாள், 70 நாள் என்றால் 21 நாள். தேர்வு தள்ளிப்போகப் போக இடைவெளியும் நீள வேண்டும்.

'இது வெறும் மனப்பாடம்தானே, புரிந்து படிக்க வேண்டாமா' என்று ஆசிரியர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதே கார்பிக்கே 2011இல் இன்னொரு சோதனை செய்தார். பாடத்தைப் பார்த்துக்கொண்டே கருத்துப்படம் (கருத்துகளைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் படம்) வரைந்தவர்களைவிட, பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து நன்றாகச் செய்தார்கள். பாடத்தில் நேரடியாக இல்லாத, யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளிலும் அவர்களே முந்தினார்கள். சொந்த வார்த்தையில் எடுத்துச் சொல்ல முயலும்போதுதான் எந்த இடம் புரியவில்லை என்பதே நமக்குத் தெரிகிறது.

நம்மிடம் இது புதிதும் அல்ல. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல், மாணவன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் இடத்தில் 'பாடம் போற்றல்' என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 'கேட்டவை நினைத்தல்' என்பதைத் தனியாகச் சொல்கிறது, சக மாணவரோடு பயில்வதைச் சொல்கிறது, பிறகு 'வினாதல், வினாயவை விடுத்தல்' என்கிறது. கேள்வி கேட்பதும் கேட்டதற்குப் பதில் சொல்வதும் பவணந்தி முனிவருக்குப் படிப்பின் பகுதிகளே, படிப்பு முடிந்த பின் வரும் சோதனை அல்ல.

அன்று அவளிடம் பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். ஒரு பாடம் வாசித்ததும் புத்தகத்தை மூடு. நினைவுக்கு வருவதை எழுது. வராத இடத்தில் குறைந்தது ஒரு நிமிடம் முயன்று பார். பிறகு திறந்து விட்டதையும் பிழையையும் சிவப்பு மையில் திருத்து. மறுநாள் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் புதிதாக எழுது. பிறகு மூன்று நாள் கழித்து, பத்து நாள் கழித்து. திருத்துவதை மட்டும் விட்டுவிடாதே, தவறாக எழுதியதும் பதிந்துவிடும் என்றேன். வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே வழிதான். ஒரு கூட்டம் முடிந்து பஸ்ஸில் வரும்போது, குறிப்பைத் திறக்காமல் அங்கே முடிவான மூன்று விஷயங்களை மனதுக்குள் சொல்லிப் பார்க்கலாம். அதற்கு இரண்டு நிறுத்தம் போதும்.

முதல் வாரம் அவளுக்கு அது பிடிக்கவில்லை. அரைப் பக்கம்கூட எழுத வரவில்லை, முன்பாவது படித்த மாதிரி இருந்தது என்று போனில் வருத்தப்பட்டாள். விடாதே என்று மட்டும் சொன்னேன்.

நேற்று அவளாகவே கூப்பிட்டாள். "கேளுங்கள் சித்தி" என்றாள். கேட்டேன். ஆட்கொணர், கட்டளையுறுத்தும், தடையுறுத்தும், ஆவணக் கேட்பு என்று நான்கு வந்தன. ஐந்தாவதில் நின்றாள். நான் வாயெடுத்தேன். "சொல்லிவிடாதீர்கள்!" என்றாள். போனில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, மெதுவாக, "தகுதிமுறை வினவும்" என்றாள்.